எல்லாத் தடத்திலும் செல்லத்துரை

"அங்கிள், மாஸ்ரரின்ர மூண்டாவது ரெக்கோடிங்கில இருந்து டிரம்ஸைக் கழட்டலாம்" என்று சஜீவன் வந்து சொன்னபோது நான் முற்றத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தேன். நல்ல வேளை, அலவாங்கு நிலத்தில் ஊன்றியிருந்தது, கையில் இல்லை.

சஜீவன் நல்ல பிள்ளை. திருகோணமலை டவுனில் ஸ்ரூடியோ வைத்திருக்கிறான். வெளிநாட்டில் பழைய ஜாஸ் பதிவுகளைத் தேடித் தேடி மறுபடி வெளியிடும் ஒரு சின்னக் கம்பனி, அருளப்பு மாஸ்ரர் தன் குழுவை நடத்திப் பதிந்த மூன்று பதிவுகளையும் அவனிடம் கேட்டிருக்கிறது. முதல் இரண்டிலும் அவர்களுக்குக் குறையில்லை. மூன்றாவதில் பியானோ தெளிவில்லையாம், டிரம்ஸ் மேலே ஏறி மூடிக்கொண்டு நிற்கிறதாம்.

"இப்ப கொம்பியூட்டர் பிரிச்சுத் தரும் அங்கிள். பியானோ வேற, டிரம்ஸ் வேற, சக்ஸபோன் வேற. டிரம்ஸை எடுத்துப்போட்டுப் புதுசா ஒண்டு வைச்சா பியானோ பளிச்செண்டு கேக்கும்" என்றான்.

"உனக்கு வேற வேலை இல்லையோ?" என்றேன். பாவம், அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்கு என்ன தெரியும்? அந்த டிரம்ஸ் அங்கே தற்செயலாக ஏறி நிற்கவில்லை. எவனும் கழட்ட ஏலாதபடி அங்கே வைக்கப்பட்டது. வைத்தவன் நான், வைக்கச் சொன்னவர் மாஸ்ரர். அன்றைக்கு அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகிய கதை பெரிதாக இல்லை. ரேடியோ திருத்தும் கடையில் ஈயம் உருக்கினேன், கோயில் திருவிழாக்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டினேன். உள்துறைமுக வீதியில் வலையும் கயிறும் அடுக்கியிருந்த கிட்டங்கி ஒன்றை ஒரு முதலாளி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியபோது, கம்பி பூட்டத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார். போனவன் ஓய்வு எடுக்கும்வரை வெளியே வரவில்லை. பக்திப் பாட்டு, கல்யாண வாழ்த்து, தேர்தல் அறிவிப்பு, நாடகம் என்று எல்லாம் பதிந்தேன்.

கிட்டங்கியின் கூரை தகரம். அதன் கீழே தும்பு மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பதிவு தொடங்கினால் மின்விசிறி நிற்கும், வேர்வை ஓடும். காகம் கத்தினால் பொறுக்க வேண்டும், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பொறுக்க வேண்டும். அம்மன் கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, மாதா கோயில் மணி எல்லாவற்றுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளிதான் எங்களுக்குரிய நேரம். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஊரில் இருந்துகொண்டு ஊரை வாயை மூடு என்று சொல்ல முடியுமா?

அருளப்பு மாஸ்ரர் காலையில் மாதா கோயிலில் ஓர்கன் வாசிப்பார், பின்னேரம் உப்புவெளி ஹோட்டலில் பியானோ. வெள்ளைக்காரக் கடற்படை போகும்போது விட்டுவிட்டுப் போன இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் ஜாஸ் பழகினார். அதிலும் அவருக்குப் பிடித்தது ஹார்ட் பொப். தேவாலயப் பாட்டும் கறுப்பு மக்களின் துயரப் பாட்டும் ஒன்றாகக் கலந்து, அடி பலமாக விழும் ஜாஸ் அது. முதன்முதல் கேட்டபோது ஐந்து பேர் வேலிச் சண்டை பிடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கேட்கக் கேட்க விளங்கியது. சண்டை இல்லை, ஒருவர் கதைக்க மற்றவர்கள் "ஓம், ஓம், சொல்லு" என்று உசுப்பேற்றுகிறார்கள்.

முதல் பதிவு தேவாலய மண்டபத்தில், இரண்டே மைக்கில், கசெற்றுக்காகச் செய்தது. நடுவில் ட்ரம்பெட் ஒரு இடத்தில் பிசிறியது. நான் மெசினை நிற்பாட்டினேன். மாஸ்ரர் கை வாசித்தபடியே இருக்க, தலையை மட்டும் திருப்பினார்.

"ஏன் நிப்பாட்டினீர்?"

"பிழை விழுந்தது மாஸ்ரர்."

"பிழை எங்கட. மெசின் உம்மட. உம்மட வேலையை நீர் பாரும்."

சத்தம் போடவில்லை. அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் பியானோ மூடியை மெதுவாகச் சாத்திவிட்டுப் போய், சக்கரைத் துண்டைக் கடித்துக்கொண்டு பாலில்லாத பிளேன்ரீ குடிப்பார். அவர் திரும்பி வரும்வரை ஒருவரும் இருமமாட்டார்கள்.

இரண்டாவது பதிவு கிட்டங்கியில். கிண்ணியாவிலிருந்து ரஹீம் நானா சக்ஸபோனைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் வருவார். அப்போது பாலம் இல்லை, படகு வந்தால்தான் பதிவு. மாஸ்ரர் குழுவை நடத்தும் விதத்தை அந்தப் பதிவில்தான் கிட்டத்தில் பார்த்தேன். கையைக் காட்டமாட்டார், கண்ணையும் காட்டமாட்டார். இடது கையால் பியானோவின் இடது கோடிச் சுரக்கட்டையை இரண்டு தரம் இடிப்பார். இடித்தால் அடுத்தவர் எழும்பித் தனியாக வாசிக்க வேண்டும். ரஹீம் நானாவுக்கு இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று விட்டுக்கொண்டே போவார். ட்ரம்பெட்டுக்கும் அப்படியே. தன்னுடைய முறையைக் கடைசியில் எடுத்து, சுருக்கமாக முடித்துவிடுவார்.

"ரெக்கோடிங் மட்டையில உங்கட பேர்தானே மாஸ்ரர் பெரிசாப் போடுறாங்கள்? நீங்கள் கொஞ்சம் கூட வாசிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"பேர் எனக்கு வந்திட்டுது. பிறகு வாசிப்பும் எனக்கெண்டா இவங்கள் என்னத்துக்கு?" என்றார்.

செல்லத்துரை அந்தக் குழுவின் டிரம்மர். சல்லிக் கிராமத்தில் கடலுக்குப் போகும் குடும்பம். பைலாப் பாட்டுக் கோஷ்டியில் தட்டித் திரிந்தவனை மாஸ்ரர் பிடித்து வந்து பழக்கினார். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, வாடா போடாதான். அவன் டிரம்ஸில் உருட்டல் ஒன்றைத் தொடங்கினால் அலை எழும்பி வருவது போல இருக்கும். உருட்டி முடித்து அடுத்த சுற்றின் முதல் அடியில் வந்து விழும்போது எனக்கு ஒவ்வொரு தரமும் மயிர் கூச்செறியும்.

ஒரு காலை அவன் கடலில் நிற்கும்போது, பக்கத்து வள்ளத்தில் எவனோ மீனுக்கு டைனமைட் அடித்தான். செல்லத்துரையின் வலது காது போய்விட்டது. ஆள் தப்பினதே பெரிய காரியம் என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்கள். ஆனால் வாசிப்பில் ஒரு குறை வந்து ஒட்டிக்கொண்டது. உருட்டி முடித்து முதல் அடிக்கு வரும்போது ஒரு மயிரிழை பிந்துவான். மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு காதால் தேடிப் பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டியிருந்தது. ஹோட்டலில் ஆடுகிற வெள்ளைக்காரருக்கு அது விளங்காது. எங்களுக்கு விளங்கும்.

இந்த நிலையில்தான் மூன்றாவது பதிவு வந்தது. சண்டை ஓய்ந்த சமாதான காலம், பாதைகள் திறந்து ஹோட்டல்களில் கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. கொழும்பில் ஒரு கம்பனி சீடி போட முன்வந்தது. அவர்களும் ஹோட்டல்காரரும் பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். சீடியில் வாசிக்கும் குழு எதுவோ அதுதான் இனி ஹோட்டலில் நிரந்தரக் குழு. சீடியில் பெயர் இல்லாதவனுக்கு ஹோட்டலிலும் இடமில்லை. செல்லத்துரை கடலை விட்டுவிட்டான், இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அந்த ஹோட்டல்தான் சோறு.

கம்பனிக்காரர் எட்டுத் தடத்தில் பதியும் மெசின் ஒன்றைக் காரில் கொண்டுவந்தார். தடம் என்றால், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் பாதை. பிறகு ஒன்றைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் அழித்துவிட்டு வேறு ஆளைக் கொண்டு வாசிப்பித்து அந்த இடத்தில் வைக்கலாம். முதல் நாள் ஒத்திகையைக் கேட்டுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"மிஸ்டர் தவம், டிரம்மர் சரியில்ல. நாளைக்கு அவர அந்தப் பக்கத்து ரூம்ல தனியா போடுங்க. அவர் சத்தம் மத்த மைக்ல விழக் கூடாது. கொழும்புக்குப் போய் எங்க ஆள வாசிக்க வச்சுக்கிறேன். இப்ப யாருக்கும் சொல்ல வேணாம்."

நேரே உள்ளே போய் மாஸ்ரரிடம் சொன்னேன். அவர் சக்கரைத் துண்டை வாயில் போடப்போனவர், திரும்பக் கடதாசிச் சரையில் வைத்து மடித்தார்.

"இந்த மெசினில ஒருத்தனைக் கழட்ட ஏலாமல் செய்யிறதுக்கு வழி இருக்கோ?" என்று கேட்டார்.

வழி இருந்தது. ஒலிப்பதிவுகாரன் வாழ்நாள் முழுக்க எதைத் தவிர்க்கப் பாடுபடுகிறானோ, அதை வேண்டுமென்றே செய்வதுதான் வழி. ஒரு வாத்தியத்தின் சத்தம் மற்றதன் மைக்கில் விழுவதை நாங்கள் கசிவு என்போம். அதைத் தடுக்கத்தான் தடுப்புப் பலகை, மெத்தை, தனி அறை எல்லாம். டிரம்ஸின் சத்தம் பியானோ மைக்கில் முழுதாக விழுந்துவிட்டால், டிரம்ஸின் சொந்தத் தடத்தை அழித்தாலும் அது பியானோவுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை எடுக்க வேண்டுமானால் பியானோவையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

"அவன் உங்கட மைக்கில இருக்கவேணும் மாஸ்ரர்" என்றேன். "ஆனா உங்கட பியானோ கெட்டுப்போகும். டிரம்ஸின்ர சிம்பல் தட்டுச் சத்தம் எல்லாத்தையும் மூடிப்போடும்."

"கெடட்டும்."

"இது உங்கட பேரில வாற சீடி."

"அதாலதான் நான் சொல்லுறன். வையும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "செல்லத்துரைக்கு இது தெரியக் கூடாது. தெரிஞ்சா அவன்ர கை கூசும்."

அடுத்த நாள் காலை பியானோவின் மேல் மூடியை முழுதாகத் திறந்தேன். டிரம்ஸை அதன் வயிற்றோடு ஒட்டி வைத்தேன், பெரிய சிம்பல் திறந்த மூடியின் கீழே வருகிற மாதிரி. பியானோவின் இரண்டு மைக்கையும் வழமையைவிட உயர்த்தினேன். தடுப்புப் பலகைகளை எல்லாம் சுவரில் சாத்தினேன். ரஹீம் நானாவையும் ட்ரம்பெட்காரரையும் டிரம்ஸைச் சுற்றி அரைவட்டமாக நிறுத்தினேன். தொழிலில் எனக்குச் சொல்லித் தந்தவர் பார்த்திருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார். கம்பனிக்காரர் கோபித்தால் முதலாளி என்னைத்தான் பிடிப்பார்.

கம்பனிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "என்ன இது?" என்றார்.

மாஸ்ரர் கட்டைகளைத் துண்டால் துடைத்தபடி சொன்னார். "அவனுக்கு ஒரு காதுதான் ஐயா. அந்தக் காது என்ர பக்கம் இருந்தாத்தான் அவன் வாசிப்பான்."

கம்பனிக்காரர் டிரம்ஸுக்கும் தனித்தடம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது என்றேன். இருந்தது. அவர் திருப்தியாகப் போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

அன்று வாசித்த மாதிரி அந்தக் குழு பிறகு வாசிக்கவில்லை. கடைசியாக வாசித்தது மாஸ்ரரே கட்டிய ஒன்று. பூசைப் பாட்டுப் போல மெல்லத் தொடங்கி, பிறகு நடை பிடித்து ஓடும். எல்லோரும் தனித்தனியே வாசித்து முடிய, மாஸ்ரர் தன் முறையை எடுத்தார். அந்த ஒரு நாள் அவர் சுருக்கவில்லை. சுற்றுக்கு மேல் சுற்றாகப் போனார். செல்லத்துரை பக்கத்தில் இருந்து உருட்டி உருட்டிக் கொடுத்தான். ஒவ்வொரு தரமும் முதல் அடியில் இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். பிந்தவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன், ஓர் இடத்திலும் பிந்தவில்லை. ரஹீம் நானா சக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு, "அல்லாஹ்!" என்றார். அதுவும் பதிவாகியிருக்கிறது.

"பாத்தியாடா, எல்லாம் சரியா வந்து விழுந்தது!" என்று செல்லத்துரை என்னைக் கட்டிப்பிடித்தான். வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தான். மாஸ்ரர் பிளேன்ரீ குடிக்கப் போய்விட்டார்.

கம்பனிக்காரர் மெசினோடு கொழும்புக்குப் போனார். சில நாளில் கிட்டங்கிக்குத் தொலைபேசி வந்தது. மாஸ்ரரும் அப்போது அங்கேதான் இருந்தார். நான் எடுத்தேன்.

"மிஸ்டர் தவம், டிரம்ஸ மூடினாலும் கேக்குதே! பியானோவ போட்டா அதுக்குள்ள இருக்கார், சக்ஸபோன போட்டா அதுலயும் இருக்கார். எல்லாத் தடத்திலயும் அந்த ஆள் இருக்கார்!"

நான் ரிசீவரை மாஸ்ரரிடம் நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓம், அவன் எங்கட டிரம்மர்தானே" என்றார். வைத்துவிட்டார்.

மறுபடி எல்லோரையும் கூட்டிப் பதியக் கம்பனிக்கு மனமில்லை. சீடி அப்படியே வந்தது. செல்லத்துரை பல வருடம் ஹோட்டலில் வாசித்தான், பிள்ளைகளைக் கரைசேர்த்தான். சீடியைக் கேட்டவர்கள் குழு அருமை, பியானோதான் மந்தம் என்றார்கள். மாஸ்ரரின் உயிரான வாசிப்பு சிம்பலுக்குக் கீழே கிடந்தது. அதைச் செய்தது இந்தக் கை. அவர் காலமாகும்வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இவ்வளவையும் சஜீவனுக்குச் சொன்னேன். "இப்ப விளங்குதோ ஏன் தொடக் கூடாதெண்டு?" என்றேன்.

அவன் தயங்கினான். "அங்கிள், செல்லத்துரை அங்கிளைக் கேட்டனான். அவர் கழட்டச் சொல்லிப்போட்டார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்லத்துரையைத் தொலைபேசியில் பிடித்து ஏசினேன். அவன் அடுத்த நாள் காலை பஸ் பிடித்துச் சல்லியிலிருந்து சஜீவனின் ஸ்ரூடியோவுக்கே வந்துவிட்டான். தலை முழுக்க வெள்ளை, நடை மட்டும் பழைய நடை.

"என்னத்துக்கடா உனக்கு இந்த விசர் வேலை? பைத்தியம் பிடிச்சிட்டுதோ?" என்றேன்.

"நீ சும்மா இரு. உந்தச் சீடியைப் போடுற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு குத்தும். மாஸ்ரர் என்ன வாசிப்பு வாசிச்சவர், நான் மேல நிண்டு தகரம் தட்டுறன். என்னை எடுத்தா அந்த மனிசன்ர பியானோ கேக்குமெண்டா எடுக்கட்டும். நான் சாப்பிட்டு முடிச்சிட்டன், எனக்கு இனி என்ன?" என்றான். சஜீவன் பக்கம் திரும்பி, "தம்பி, கழட்டு" என்றான்.

மாஸ்ரர் சொல்லாதே என்றதை நான் அவனுக்கு எப்படிச் சொல்வது?

சஜீவன் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தான். "ஆனா அங்கிள், ஒரு சிக்கல் இருக்கு" என்றான். "புது டிரம்ஸ் வைச்சுப் பாத்தனான். பொருந்துதில்ல. மாஸ்ரர் சில இடத்தில பிந்துறார்."

"ஆர், மாஸ்ரரோ?" செல்லத்துரைக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்த மனிசன் மணிக்கூடு. போடு பாப்பம்."

சஜீவன் போட்டான். சிம்பல் இல்லாமல், யாரும் இல்லாமல், மாஸ்ரரின் பியானோ மட்டும். அத்தனை வருடத்துக்குப் பிறகு அவருடைய கையை அப்படியே கேட்டேன். செல்லத்துரை இடது காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் மேசையில் மெல்லத் தட்டத் தொடங்கினான். தான் உருட்டிய இடத்தில் இப்போதும் உருட்டினான். முடித்து முதல் அடியில் கை விழுந்தது. மாஸ்ரரின் கையும் அங்கேயே விழுந்தது.

"பார்! எங்க பிந்துறார்? சரியா வந்து விழுகிறார்" என்று சிரித்தான்.

"இதையும் போடுறன், கேளுங்கோ" என்று சஜீவன் கணினியில் எதையோ அமத்தினான். டிக், டிக், டிக் என்று தாளம் எண்ணும் சத்தம் பியானோவோடு சேர்ந்து வந்தது. செல்லத்துரை இப்போதும் மேசையில் தட்டிக்கொண்டிருக்க, மாஸ்ரர் டிக்கோடு ஒட்டியே போனார். செல்லத்துரையின் உருட்டல் வருகிற இடம் வந்தது. டிக் விழுந்தது. மாஸ்ரர் விழவில்லை. அந்த மயிரிழை நேரம் அவருடைய கை மேலே நின்றது. பிறகு, செல்லத்துரையின் கை மேசையில் விழ, அதோடு சேர்ந்து அவரும் விழுந்தார். அடுத்த உருட்டலிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

செல்லத்துரையின் கை நின்றுவிட்டது. பியானோ ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய இடம் வரும்போதெல்லாம் ஒரு கணம் நின்று நின்று ஓடியது. அன்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அவ்வளவு கேட்டும் எனக்குப் பிடிபடாதது அதுதான். செல்லத்துரை அன்றும் பிந்தித்தான் இருந்தான். மாஸ்ரர் அவனோடு சேர்ந்து பிந்தியிருக்கிறார். அவனைப் பதிவோடு நான் மைக்கால் கட்டினதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டினது அவர்.

செல்லத்துரை இவ்வளவு காலமும் பெருமையாகச் சொல்லித் திரிந்த ஒரே ஒரு நாளையும் பறித்துவிட்டோமே என்று நினைத்தேன். சஜீவன் மெல்ல, "அப்ப என்ன செய்யிறது அங்கிள்? அந்த இடங்களை வெட்டி நேராக்கலாம். கழட்டுறதுதானே?" என்றான்.

செல்லத்துரை சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்தான்.

"விசரே உனக்கு?" என்றான். "என்னைக் கழட்டினா அந்த மனிசன் ஆருக்காகக் காத்துக்கொண்டு நிக்கிறது?"